அது நம்ம பிசிக்ஸ் சார்தான்

உலகத்தில் எந்தக் கேலியும் தன்னைத் தவிர மற்ற எல்லாரையும் பற்றித்தான் என்று நம்புகிற ஓர் இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். சினிமாவில் ஒரு கஞ்சன் வந்தால் பக்கத்து இருக்கைக்காரரின் விலாவில் இடித்து, "உங்க மச்சான் மாதிரியே இல்ல?" என்பார், மேடையில் யாராவது பொறாமையைப் பற்றிப் பேசினால், தன் பங்காளி வந்திருக்கிறாரா, வந்திருந்தால் கவனமாகக் கேட்கிறாரா என்று பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பார், டாக்டர் எதிரே உட்கார வைத்து, நாடியைப் பிடித்து, "வாயைக் கட்டணும்" என்று அவரிடமே சொன்னாலும், "இதைத்தான் டாக்டர் இவகிட்ட தினமும் சொல்றேன்" என்று மனைவியைக் காட்டுவார். அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பாருங்கள். ஜன்னல் என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் கிடைப்பார். ஹிஸ்டரி சார். ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? பாடம்தான் பெயர். பிசிக்ஸ் சார், பாட்டனி டீச்சர், பி.டி. சார். பக்கத்து மேஜைக்காரருக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால்தான், அடடே, இவருக்கு இப்படி ஒரு பெயரா என்று மற்றவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

ஹிஸ்டரி சாருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். பள்ளியிலேயே மூத்தவர். சாக்பீஸை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார், ஏனென்றால் கண்ணாடியை யாரும் திருட மாட்டார்களாம். பத்திரிகையைச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார். படித்து முடித்த பத்திரிகை பரீட்சையில் கோட்டை விட்ட பையனின் விடைத்தாள் மாதிரி கிடக்கும். எதைச் சொல்வதற்கு முன்னும், "நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு மணி அடிக்கும் வரை வேறு எதையும் சொல்ல மாட்டார்.

ஆனால் அவருடைய உயிர் இருப்பது சப்ஸ்டிட்யூஷன் நோட்டில். ஓர் ஆசிரியர் லீவு போட்டால் அவர் வகுப்புக்கு வேறு யார் போவது என்று எழுதுகிற நோட்டு அது. பார்க்க ஒன்றுமில்லை, நீள நோட்டுதான். ஆனால் மத்தியானச் சாப்பாடு வயிற்றில் இறங்கி, கண் சொருகி, நாற்காலியில் சாய்ந்தவனை எழுப்பி, ஆறாவது பீரியடுக்கு ஒன்பதாம் வகுப்பு 'டி' பிரிவின் அறுபது பிள்ளைகளுக்கு நடுவே தள்ளுகிற அதிகாரம் எந்த ராஜாவுக்கு இருந்தது? ஹிஸ்டரி சாருக்கு இருந்தது. அந்த நோட்டை மேஜைக் காலில் சணல் கயிறால் கட்டி வைத்திருந்தார். அவருக்கு வணக்கம் சொன்னவர்களுக்கு மூன்றாவது பீரியட், சொல்லாதவர்களுக்கு ஆறாவது பீரியட். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் மரியாதையோடு சொல்ல வேண்டும்: அந்த நோட்டில் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. யார் வந்தார், யார் வரவில்லை, எந்த மணிக்கு யார் எங்கே இருந்தார், எல்லாம் அச்சு அசலாக இருக்கும்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் டி.வி.யில் 'காலி பீரியட்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையில் நடக்கிற கதை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு. அதில் ஒரு ஜியாகரபி சார். பள்ளியிலேயே மூத்தவர். சாக்பீஸை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருப்பார். ஒரு நோட்டை மேஜைக் காலில் கட்டி வைத்திருப்பார். "நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல" என்று அவர் வாயைத் திறந்தால் போதும், வீடு வீடாகச் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

யார் அதிகமாகச் சிரித்தார் என்று நினைக்கிறீர்கள்?

புதன்கிழமை காலை முதல் மணிக்கு முன்னால் ஆசிரியர் அறையில் ஹிஸ்டரி சாரின் தர்பார் நடக்கும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்.

"பாத்தீங்களா நேத்து? அந்த ஜியாகரபி? அப்படியே நம்ம பிசிக்ஸ் சார்தான்! உரிச்சு வெச்சிருக்கான்யா!"

எல்லாரும் பிசிக்ஸ் சாரைப் பார்ப்பார்கள். அவர் மெலிந்த, அமைதியான மனிதர். வாரத்துக்கு நாலு வாக்கியம் பேசுவார், அதில் இரண்டு ஓம் விதி. அவருக்கும் அந்த நோட்டுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அதில் ஆறாவது பீரியடுக்கு நேராக அவர் பெயர் அடிக்கடி வரும் என்பதுதான்.

"அந்த ஆள் நோட்டு வெச்சிருக்காரே சார்?" என்று பி.டி. சார் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் கதைக்காகச் சேர்க்கறது. குணத்தைப் பாருய்யா. குணம் அப்படியே பிசிக்ஸ்."

பி.டி. சார் வாயை மூடிக்கொண்டார். மூத்தவரிடம் யார் போய்ச் சொல்வது? சொல்லிவிட்டு ஆறாவது பீரியடுக்கு யார் போவது? இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

வினை ஒரு துண்டுச் சீட்டால் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, ஜியாகரபி சார் பரீட்சை ஹாலில் ஒரு பையனின் பெஞ்சுக்கு அடியில் சீட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். "காப்பியா அடிக்கிறே?" என்று ஹால் அதிரக் கத்தி, பையனைத் தலைமையாசிரியை அறைக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், மேஜைமேல் சீட்டை அடித்து வைத்தார். தலைமையாசிரியை அதைப் பிரித்து உரக்கப் படித்தார். "துணி சோப்பு ரெண்டு. பல்பு ஒண்ணு. உங்க பித்தவெடிப்புக்குக் களிம்பு. மறந்துட்டு வராதீங்க." மனைவி எழுதிக் கொடுத்த சீட்டு, ஜியாகரபி சாரின் சட்டைப் பையிலிருந்தே விழுந்திருந்தது.

நாடு சிரித்தது. ஹிஸ்டரி சார் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. ஏனென்றால் நாலு வருடத்துக்கு முன்னால், அரையாண்டுப் பரீட்சையில், அது அவருக்கே நடந்திருந்தது. சோப்பு, பல்பு, களிம்பு உட்பட.

இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தோடு பழக்கம் போதாது.

"சம்பவம் என்னோடது" என்றார் மறுநாள் காலையில், மேஜையைத் தட்டி. "ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆள் நான் இல்ல. நான் அன்னிக்கு நடந்துக்கிட்ட விதமே வேற, ஒரு கம்பீரம் இருந்துச்சு. இந்த அசட்டுத்தனம் பிசிக்ஸோடது. என் சம்பவத்தைத் திருடி அவர் மூஞ்சியில ஒட்டியிருக்கான்! அப்படின்னா என்ன அர்த்தம்? இந்த ரூம்ல நடக்கறதை எவரோ வெளியில சொல்றாங்க. யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

சொல்லும்போது அவர் பார்வை அறையின் மூலையில் இருந்த பாட்டனி டீச்சர் மேல் நின்றது.

பாட்டனி டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒப்பந்த வேலை, வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடியும், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இந்த வருடம் அந்த இடம் நிரந்தரமாகியிருந்தது. அவரையே நியமிக்கலாம் என்ற பரிந்துரைக் கடிதம் வியாழக்கிழமை போக வேண்டும். அதற்கு இரண்டு கையெழுத்து தேவை: தலைமையாசிரியையுடையது ஒன்று, மூத்த ஆசிரியருடையது ஒன்று. அது தவறினால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து வேறு ஆள் வருவார். ஹிஸ்டரி சாருக்கு அவர் மேல் ஏன் சந்தேகம் என்றால், அவர் எப்போதும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டு அவர், "சார், இந்த வாரத்துல எனக்கு ஆறாவது பீரியட் இது அஞ்சாவது தடவை" என்று சொல்லிவிட்டார். எண்ணிவிட்டார் பாருங்கள். அதுதான் குற்றம்.

கண்டுபிடிக்கிற வேலையை வாத்தியார் புத்தியோடு செய்தார் ஹிஸ்டரி சார். போலீஸ்காரராக இருந்தால் நாலு பேரை மிரட்டியிருப்பார். வாத்தியார் என்ன செய்வார்? ரெஜிஸ்டர் போடுவார். தொடரில் வந்த பதினாலு சம்பவங்கள் உண்மையில் தன் பள்ளியில் நடந்தவை என்று தேர்ந்தெடுத்தார். ஒரு பெரிய சார்ட் தாளில் அவற்றை மேலே வரிசையாக எழுதி, இடதுபக்கம் இருபத்திரண்டு ஆசிரியர்களையும் எழுதி, பழைய சப்ஸ்டிட்யூஷன் நோட்டுகளை எல்லாம் தூசு தட்டி எடுத்து, ஒவ்வொரு சம்பவம் நடந்தபோதும் யார் அங்கே இருந்தார், யார் இல்லை என்று குறிக்க ஆரம்பித்தார். இருந்தவருக்குப் பெருக்கல் குறி. இல்லாதவருக்கு வட்டம். எல்லாவற்றையும் பார்த்தவன்தானே எல்லாவற்றையும் சொல்ல முடியும்?

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எதிரே அவர் மனைவி வழக்கம்போல ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக அந்த மேஜையில் அவர் பேசுவார், அவள் கேட்பாள். பிசிக்ஸ் இப்படி, பி.டி. அப்படி, தலைமையாசிரியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடியைப் பள்ளி முழுக்கத் தேடினார், அதற்கு இவர் என்ன சொன்னார், அதைக் கேட்டு எல்லாரும் எப்படி வாயடைத்துப் போனார்கள்.

"என்னங்க இது, இவ்வளவு பெரிய தாளு?"

"உளவாளியைப் பிடிக்கறேன். பாட்டனிதான். நாளைக்கு எச்.எம். மேஜையில இதை விரிச்சேன்னா தீர்ந்துது. கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் பேனாவை மூடினாள். "அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமா?"

"போகட்டும். வேணும்."

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு இரு, பேசாதே. கோடு கோணலாயிடும்."

"முக்கியமான விஷயம்."

"இதைவிடவா? அந்த ஸ்கேலை எடு."

அவள் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள். அவர் போடுவதைத் தலைகீழாகவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் அவர் தன் பெயரை எழுதித் தனக்கும் குறி போடத் தொடங்கியதும், அவள் முகம் தெளிந்தது. மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை, மூன்றாவது பீரியட், தலைமையாசிரியையின் அறை. மேஜைமேல் சார்ட் விரிந்தது. நாலு மூலையிலும் பேப்பர்வெயிட். பக்கத்தில் பரிந்துரைக் கடிதம், முதல் கையெழுத்தோடு, இரண்டாவதற்குக் காத்துக்கொண்டு.

"நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல மேடம்..."

"தெரியும் சார். உக்காருங்க." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "அந்தக் கண்ணாடி தேடற சீனும் இதுல இருக்கா? ஓ, ஏழாவது. நல்லா இருந்துச்சு அது. என் வீட்டுக்காரர் ரெண்டு தடவை பார்த்துச் சிரிச்சார். நான் மூணு தடவை." பிறகு ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். "பாட்டனி... முதல் ஆறு சம்பவத்துக்கும் வட்டம் போட்டிருக்கீங்களே?"

"அப்ப அவங்க வேலைக்கே வரல மேடம்."

"மீதி எட்டுல மூணு வட்டம்."

"அன்னிக்கு அவங்களுக்குச் சப்ஸ்டிட்யூஷன் போட்டிருந்தேன், வகுப்புல இருந்தாங்க. ரெஜிஸ்டர்னா ரெஜிஸ்டர் மேடம், இருக்கறதைத்தான் போடணும்."

"அப்ப பதினாலுக்கு அஞ்சு. பிசிக்ஸ் எட்டு. பி.டி. சாருக்கு ரெண்டே ரெண்டு, பாவம், அவர் கிரவுண்டுலேயே இருக்கார்." ஸ்கேல் மெதுவாகக் கீழே இறங்கியது. கடைசி வரிசையில் நின்றது. "பதினாலுக்குப் பதினாலு ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கு."

ஹிஸ்டரி சாரின் முகம் மலர்ந்தது. முழு வருகைக்குப் பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது நான்தான் மேடம்! என் சர்வீஸ்ல ஒருநாள்கூட..."

அப்படியே நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்று எட்டாம் வகுப்புக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்.

"டி.வி.காரங்களுக்கு நீங்க ஏதாவது சொன்னீங்களா சார்?"

"நானா! வெளியில ஒரு வார்த்தை பேசுவேனா மேடம்? வீட்டுல சொல்றதோட சரி. அதுவும் என் வீட்டுக்காரிகிட்ட. அவ யார்கிட்ட சொல்லப்போறா? அவ பாட்டுக்கு எதிர்ல உக்காந்து ஏதாவது எழுதிக்கிட்டே..."

சொல்லி முடிப்பதற்குள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. தலைமையாசிரியை தண்ணீர்க் கிளாஸை எடுத்து, குடிக்காமல், முகத்துக்கு முன்னால் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் வழி இருந்தது. மேஜைமேலேயே ரப்பர் இருந்தது. "ஒரு சின்னத் திருத்தம் மேடம்" என்று தன் வரிசையில் ஆறு பெருக்கல் குறியை அழித்து வட்டமாக்கி, பாட்டனிக்கு ஆறு வட்டத்தைப் பெருக்கலாக்கினால் யார் போய்ப் பழைய நோட்டுகளோடு ஒத்துப் பார்க்கப் போகிறார்கள்? அவர் கை ரப்பர் வரை போனதும் உண்மை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு ரெஜிஸ்டரில் ஒரு குறியை மாற்றாத கை அது. மாற்ற வரவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான். பரிந்துரைக் கடிதத்தை இழுத்தார், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் காத்திருந்த பாட்டனி டீச்சர், "ரொம்ப நன்றி சார்" என்று கை கூப்பினார்.

"நன்றி இருக்கட்டும். பெர்மனென்ட் ஆயாச்சுல்ல? இன்னிக்கு ஆறாவது பீரியட் ஒன்பது டி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் வீட்டில், செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு எதிரே நின்றார்.

"நீயா எழுதறே?"

"ஆமாங்க."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே. உங்ககிட்ட நாலு தடவை சொன்னேன். முதல் தடவை, 'இரு, அதுக்கப்புறம் பிசிக்ஸ் என்ன பண்ணான் தெரியுமா'ன்னீங்க. ரெண்டாவது தடவையும் பிசிக்ஸ்தான். மூணாவது தடவை, 'நல்லது, எழுத்துப்பிழை இல்லாம எழுது'ன்னீங்க. நேத்து ஸ்கேல் கேட்டீங்க."

அவர் உட்கார்ந்தார். "அப்ப அந்த ஜியாகரபி..."

"சம்பவம் உங்களோடது. பேச்சு உங்களோடது. நான் பாடத்தை மட்டும்தான் மாத்தினேன்."

"பிசிக்ஸ்?"

"பிசிக்ஸ் சார் அதுல வரவே இல்லீங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

அவள் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவருக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது, எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று. ஆனால் அவர் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சாப்பாட்டு மேஜையில் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அன்று அவளுக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் அறை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. மனிதர் நொறுங்கிப் போயிருப்பார், லீவு போடுவார், நோட்டைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவார் என்றெல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பி.டி. சார் ஆறுதல் சொல்வதற்காகவே கிரவுண்டிலிருந்து வந்திருந்தார்.

ஹிஸ்டரி சார் வந்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். சாக்பீஸை எடுத்தார். எல்லாரையும் ஒருமுறை கனிவோடு பார்த்தார்.

"அந்தத் தொடரை யார் எழுதறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "அதை விடுங்க. பொம்பளை மனசு, பழி வீட்டுக்காரர் மேலேயே வரட்டும்னு நினைச்சுதான் ஜியாகரபி நான்தான்னு சொன்னா. வேற யாரையும் நோகடிக்கக் கூடாதுங்கற நல்ல எண்ணம். ஆனா அது யாருன்னு நமக்கெல்லாம் தெரியும். அந்த ஆளுக்கு மட்டும் இன்னும் தெரியல. நாமளும் சொல்ல வேண்டாம். நல்ல மனுஷன். தாங்க மாட்டார்."

பிறகு நோட்டைப் பிரித்து, அன்றைய ஆறாவது பீரியடுக்கு நேராக எழுதியிருந்த பிசிக்ஸ் சாரின் பெயரை ஒரு பெருமூச்சோடு அடித்துவிட்டு, பாட்டனி டீச்சர் பெயரை எழுதினார். பிசிக்ஸ் சார் டீயை ஊதிக் குடித்தபடி நன்றியோடு தலையாட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்க ஆரம்பித்த இரண்டாவது பத்தியிலேயே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும்: உங்கள் ஆபீஸ் மேனேஜரோ, சகலையோ, எதிர்வீட்டுக்காரரோ, கூடப் பிறந்த அண்ணனோ. 'அப்படியே அவர்தான்' என்று தோன்றியிருக்கும். படித்து முடித்ததும் இதை அவருக்கு அனுப்பி வைக்கலாம் என்றுகூட முடிவு செய்திருப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் யோசித்துக்கொள்ளுங்கள். இதை நீங்களாகவே எடுத்துப் படித்தீர்களா, இல்லை, "அவசியம் படிங்க, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று யாராவது சிரித்துக்கொண்டே உங்கள் கையில் கொடுத்தார்களா?